பந்தல் எழுந்த காலை

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே தோட்டத்தில்தான் வேலை. என் வீட்டுக்காரர் லாரியில் பழப்பெட்டி ஏற்றுகிறவர். நானும் என் நாத்தனாரும் திராட்சை பறிக்கிறவர்கள். நாத்தனார் என்றால் அவருடைய தங்கை, என்னைவிடச் சின்னவள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்தில் அவளுக்கு ரூல்ஸ் என்று பெயர். நான் வைத்த பெயர்தான். வைத்ததற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது, ஏனென்றால் அவள் அப்படித்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், பின்னாலேயே போய் அணைந்திருக்கிறதா என்று திருகிப் பார்ப்பாள். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்படி இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர் என் வீட்டுக்காரர்.

திராட்சைத் தோட்டம் என்றதும் கேட்கிறவர்களுக்குக் கண் விரிகிறது. பச்சைப் பந்தல், குளுகுளு நிழல், தலைக்கு மேலே கொத்துக் கொத்தாய்ப் பழம். ஒரு நாள் வந்து பறித்துவிட்டுச் சொல்லட்டும். பந்தல் நம் உச்சந்தலையை உரசுகிற உயரம்தான். காலையிலிருந்து அண்ணாந்துகொண்டே, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தலை வாரக் கை எழும்பாது. கண்ணில் தூசி விழும், சிலந்தி விழும். முன்பு எப்போதோ அடித்த மருந்தின் நெடி மூக்கில் ஏறும். கத்திரி கொஞ்சம் பிசகினால் விரல் போகும். இனிப்பைத் தேடி வருகிற குளவிகள் தனிக் கணக்கு. இதையெல்லாம் நான் சொன்னால், வாயாடி என்பார்கள். ஆமாம், வாயாடிதான். கழுத்து என்னுடையது, வலியும் என்னுடையது.

இத்தனைக்கும் நடுவில் பழத்தைத் தொடக் கூடாது. திராட்சையின் மேல் வெள்ளையாக மெல்லிய ஒரு பொடி படிந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். விரல் பட்டால் அது அழிந்துவிடும். அழிந்த பழத்தைப் பழையது என்று கடைக்காரன் ஒதுக்கிவிடுவான். அதனால் காம்பை மட்டும் பிடித்து, காம்பை மட்டும் வெட்டி, தொட்டிலில் பிள்ளையைப் படுக்கவைப்பது போலக் கிரேட்டில், அதாவது பழப்பெட்டியில், வைக்க வேண்டும். எங்கள் முதலாளியம்மா கிரேட் கிரேட்டாகக் குனிந்து பார்ப்பார். ஒரு கொத்தில் ஒரு விரல் தடம் இருந்தால்கூட, "இது யாரு கை?" என்று கேட்பார். சத்தம் போட மாட்டார். அப்படிக் கேட்பதற்குப் பதில் நாலு திட்டு திட்டிவிடலாம் என்று இருக்கும்.

பழத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைத் தாங்குகிற கம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பந்தலைச் சுற்றி ஓரத்தில் கல்தூண்கள், வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு தூணிலிருந்து எதிர்த் தூணுக்கு முறுக்கி இழுத்துக் கட்டிய கம்பி. குறுக்கும் நெடுக்குமாக அப்படியே தோட்டம் முழுக்கப் போகும். நடுநடுவே, தொய்யாமல் இருக்க மரத்தில் முட்டுக்கால்கள். ஒரு கம்பி பென்சிலைவிட மெல்லிசு. கொடி, இலை, பழம் எல்லாம் அதில்தான் தொங்குகிறது. பறிப்புக் காலத்தில் தலைக்கு மேலே எத்தனை லாரிப் பாரம் தொங்குகிறது என்று நினைத்துப் பார்த்தால் ஒருத்தரும் உள்ளே நுழைய மாட்டோம். அதனால் யாரும் நினைப்பதில்லை.

நினைக்கிறவர் ஒருவர் இருந்தார், மேஸ்திரி. அவருக்கு ஒரு கண்தான். இன்னொரு கண்ணை, வேறு ஏதோ ஒரு தோட்டத்தில் கம்பியை முறுக்கும்போது, அறுந்து வந்த கம்பி கொண்டுபோய்விட்டது. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் எங்களை நிறுத்தி வைத்து ஒரே விஷயத்தைச் சொல்வார்.

"ரெண்டு பக்கமும் பழத்தச் சமமா எறக்குங்க. ஒரு பக்கத்தக் காலி பண்ணிட்டு மறுபக்கம் அப்படியே பாரத்த விடாதீங்க. பாரம் இருக்கிற பக்கம் கம்பி இழுக்கும். முட்டுக்கால் சாஞ்சுரும்."

நாங்கள் தலையை ஆட்டுவோம். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு நேராக லாரிப் பக்கம் போவோம். லாரி நிற்பது ரோட்டோரம். அந்தப் பக்கம் பறித்தால் கிரேட்டை நாலு எட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். மறுகோடியில் பறித்தால், குனிந்த தலையோடு, கனத்த கிரேட்டோடு, பந்தல் முழுவதும் கடந்து வர வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். லாரி டிரைவர் வேறு ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். மேஸ்திரியும் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். இப்படியே நாளுக்கு நாள் ரோட்டுப் பக்கம் மொட்டையாகிக்கொண்டே வந்தது. மறுகோடி பழத்தோடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு முந்தின ராத்திரி மழை. காலையில் போனால் இலைக்கு இலை தண்ணீர். தரை சொதசொதவென்று இருந்தது. கத்திரியும் கிரேட்டும் எடுத்துக்கொண்டு நான் ரோட்டுப் பக்கம் திரும்பினேன். ரூல்ஸ் திரும்பவில்லை. மறுகோடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நான் அந்தக் கோடிக்குப் போறேன். நீங்களும் வாங்களேன்."

"எதுக்குடி?"

"அங்க கொஞ்சமாவது எறக்கணும். கம்பியெல்லாம் எப்படித் தொங்குது பாருங்க."

"தொங்குனா தொங்கட்டும். இந்தப் பந்தல உன் பேர்லயா எழுதி வெச்சிருக்காங்க? அங்க பறிச்சு, இந்தச் சேத்துல தூக்கிட்டு வரப்போறியா? இடுப்பு ஒடிஞ்சு படுத்தேன்னா உனக்கு ஒத்தடம் குடுக்கறதும் நான்தான்."

"மேஸ்திரி சொன்னாருல்ல."

"மேஸ்திரி தெனமும்தான் சொல்றாரு."

மேஸ்திரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு சொல்றது சரிதாம்மா" என்றார்.

"அப்ப நீங்க போங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார்.

ரூல்ஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டினாலாவது சண்டை போடலாம். அவள் பாட்டுக்குக் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு, ஈரக் கொடிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து உள்ளே போனாள். அவள் முதுகைப் பார்த்து நான் கத்தினேன், "போ, போ. பந்தல் விழுந்தா நீயே புடிச்சுக்கோ!"

அதற்கும் சிரித்தார்கள்.

வெயில் ஏறுகிற நேரம் அது. நான் ஒரு கொத்தை வெட்டி வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை தூக்கினேன். எங்கேயோ தூரத்தில் டக் என்று ஒரு சத்தம், நெட்டி முறிப்பது போல. யாரோ கிரேட்டைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுபடி டக். அப்புறம் என் தலைக்கு மேலே இருந்த கம்பி ஒரு தரம் அதிர்ந்தது. கொடியில் இருந்த தண்ணீரெல்லாம் சடசடவென்று என் முகத்தில் கொட்டியது. மேஸ்திரி, "வெளிய ஓடுங்க! எல்லாரும் வெளிய!" என்று கத்தினார். அந்த மனுஷன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஓடினோம். ரோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தோம். மறுகோடியில் முட்டுக்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. பந்தல் சடாரென்று விழவில்லை. மெதுவாக இறங்கியது. அவ்வளவு பெரிய பச்சைக் கூரை, அவசரமே இல்லாமல், பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு தரையை நோக்கி இறங்கியது. பாதித் தோட்டம் கண் முன்னால் உட்கார்ந்துவிட்டது. ஓரத்துக் கல்தூண்கள் உள்பக்கம் சாய்ந்து, இறங்கினதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. லாரி டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்திருந்தான்.

நான் ஆட்களை எண்ணவெல்லாம் இல்லை. எனக்குத் தெரியும். "ஐயோ, எங்க வீட்டுப் பொண்ணு உள்ள இருக்கா!" என்று கத்தினேன். அவளை எங்கள் வீட்டுப் பெண் என்று அதற்கு முன்னால் நான் சொன்னதே இல்லை. அவருடைய தங்கை என்றுதான் வரும் என் வாயில்.

என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து குதித்தார். தங்கை பெயரைச் சொல்லிக் கத்தினார், மறுபடி மறுபடி கத்தினார். உள்ளேயிருந்து பதில் இல்லை. லாரிக்கு ஓடிப்போய்ப் பெரிய கட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். கம்பியை வெட்டிவிட்டால் கொடி தளர்ந்துவிடும், உள்ளே புகுந்துவிடலாம் என்று அவருக்கு நினைப்பு. ஓரத்துக் கம்பியில் கட்டரை வைத்துவிட்டார். மேஸ்திரி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மேஸ்திரி!"

"வெட்டாதடா! வெட்டாத!"

"என் தங்கச்சி உள்ள இருக்கா!"

"தெரியும்டா. ஒரு கம்பிய வெட்டுனா, அது தாங்குற பாரமெல்லாம் அவ மேல உக்காரும். வெட்டுன கம்பி சும்மா விழாது. இங்க பாரு." அவர் தன்னுடைய இல்லாத கண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க பாருடா. சும்மா விழாது."

என் வீட்டுக்காரர் கட்டரைச் சேற்றில் எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆண்களெல்லாம் சேர்ந்து ஓரத்தைத் தோளில் தாங்கித் தூக்கிப் பார்த்தார்கள். முகமெல்லாம் ரத்தம் ஏறியது. ஓரம் கொஞ்சம் எழும்பியது. எழும்பிய அந்த நொடியே உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்து பாதியில் அறுந்தது. பச்சை இலைகளுக்கு நடுவே, எங்கே என்று தெரியாமல், அவள் குரல். இங்கே தூக்கினால் அங்கே அமுக்குகிறது என்று புரிந்தது. மெதுவாக இறக்கி வைத்தார்கள். லாரி ஜாக்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது சேற்றில் புதைந்ததே தவிர ஒன்றையும் தூக்கவில்லை. தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் போனது. மழையில் ரோடு உடைந்திருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்று பதில் வந்தது.

உயிரோடு இருக்கிறாள். ஆனால் கத்த முடியாமல் இருக்கிறாள். நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது. வண்டி வருகிறவரை மூச்சு தாங்குமா? இதைத் தவிர என் தலைக்குள் ஒன்றும் இல்லை. காலையில் அவள் முதுகைப் பார்த்துக் கத்தியதை நினைத்து அழ அப்போது நேரமில்லை.

முதலாளியம்மா வந்து சேர்ந்தார். வீட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். விழுந்த பந்தலின் ஓரத்தில் மண்டியிட்டு உள்ளே பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது? இலையும் பழமும்தான்.

எல்லோரும் வாயடைத்து நின்ற அந்த நேரத்தில்தான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒரு சின்னச் சத்தம். க்ளிக். அப்புறம் ஈர மண்ணில் ஏதோ விழுகிற ஒரு பொத். கொஞ்சம் இடைவெளி. மறுபடி க்ளிக், பொத்.

நாள் முழுக்கக் கேட்கிற சத்தம். கேட்டுக் கேட்டுக் காதே மரத்துப்போன சத்தம். அதனால் முதலில் அது என்னவென்று எனக்கு உறைக்கவே இல்லை. பிறகு உறைத்தது. அங்கே வேறு யார் கையிலும் கத்திரி அசையவில்லை.

"சத்தம் போடாதீங்க" என்றேன். "சும்மா இருங்க எல்லாரும். கேளுங்க."

க்ளிக், பொத்.

"அவதான்" என்றேன். "அவ வெட்டிக்கிட்டிருக்கா."

மேஸ்திரி தன் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பந்தலின் மேல்பரப்பைப் பார்த்தார். கையை நீட்டி ஓரிடத்தைக் காட்டினார். ஒரு கொத்து விழுகிற ஒவ்வொரு முறையும், அந்த இடத்தில் இலைகள் லேசாக நடுங்கி, ஒரு மயிரிழை மேலே வந்தன. கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் தெரியும். ஈரத் துணி தொங்குகிற கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்தால் கயிறு கொஞ்சம் எழும்புமே, அப்படி. தன் மேல் இருக்கிற பாரத்தை அவள் தன் கையாலேயே, கொத்துக் கொத்தாகக் கழித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

மேஸ்திரி முதலாளியம்மாவைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவருடைய வருஷம் முழுவதும் அந்தப் பந்தலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்திருந்தாலும் பழம் பழம்தான். பொறுமையாக எடுத்தால் முக்கால்வாசி தேறும். அது எங்களுக்கும் தெரியும்.

முதலாளியம்மா யோசிக்கவே இல்லை. எட்டி ஒரு கொத்தை, காம்பை அல்ல, பழத்தோடு சேர்த்துக் கைநிறையப் பிடித்து, இழுத்துப் பிய்த்துச் சேற்றில் எறிந்தார். விரல்களுக்கு நடுவே சாறு வழிந்தது.

"எல்லாத்தையும் கீழ தள்ளுங்க" என்றார். "ஒண்ணுகூட விடாதீங்க."

மேஸ்திரி எங்களை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். "ஓரத்துலேர்ந்து உள்ள போங்க. நான் குரல் குடுக்கும்போது மட்டும் வெட்டுங்க. இந்தப் பக்கம் ஒண்ணு விழுந்தா அந்தப் பக்கமும் ஒண்ணு விழணும். அவசரப்படுற ஆளு இப்பவே வெளிய போயிருங்க." ஒருத்தரும் போகவில்லை. லாரி டிரைவர்கூடக் கத்திரி கேட்டு வாங்கிக்கொண்டான். வருஷக் கணக்கில் அந்த மனுஷன் சொல்லி ஒருநாளும் கேட்காத கும்பல், அன்றைக்கு அவர் குரலுக்கு ஒரே கை போல அசைந்தது.

"வெட்டு!"

அத்தனை கத்திரியும் ஒன்றாக மூடின. அத்தனை கொத்தும் ஒன்றாக விழுந்தன. தரை அதிர்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் என் முதுகு அதை உணர்ந்தது. ஏனென்றால் நான் அப்போது மல்லாந்து படுத்திருந்தேன். உள்ளே குனிந்து போக இடமில்லை, உட்கார இடமில்லை. சேற்றில் முதுகைத் தேய்த்துக்கொண்டுதான் போக முடிந்தது. இலை என் மூக்கில் இடித்தது. வெட்டின கொத்து என் நெஞ்சிலும் முகத்திலும் விழுந்தது. சாறு கண்ணில் போய் எரிந்தது. குளவிகள் மொய்த்தன. என் கழுத்தில் ஒன்று கொட்டியது, காதில் ஒன்று கொட்டியது. பக்கத்தில் படுத்திருந்தவள், "அம்மா!" என்றாள். ஆனால் மேஸ்திரி குரல் வந்ததும் அவள் கத்திரியும் மூடியது.

பந்தல் எழும்புகிறதா இல்லையா என்று முதலில் ஒன்றுமே தெரியவில்லை. வீணாகப் பழத்தைக் கொட்டுகிறோமோ என்று பயமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு காம்பை வெட்டப் போனபோது அது என் கைக்கு எட்டவில்லை. முழங்கையை நீட்ட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க முடிந்தது. அப்புறம் ஒரு கையை ஊன்றிக்கொள்ள முடிந்தது. அப்புறம் நான் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சுற்றிப் பார்த்தால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய பந்தல், யாரும் தூக்காமல், தானாக, எங்கள் தலைக்கு மேலே எழுந்துகொண்டிருந்தது. கம்பிகள் லேசாக முனகின. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. தூக்கத்திலிருந்து எழுகிற ஏதோ ஒரு பெரிய உயிருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. அதைப் பயம் என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரியது.

உள்ளே போகப் போக மறுபடி தாழ்வாகத்தான் இருந்தது. ஆண்களின் தோள் நுழையவில்லை. நான் சின்ன உருவம். என் வீட்டுக்காரர் என் காலைத் தொட்டு, "நீ போ" என்றார். முழங்கையால் நகர்ந்து போனேன். க்ளிக் சத்தம் பக்கத்தில் வந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. க்ளிக். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அப்புறம் ஒரு பொத்.

இலையை விலக்கினேன். அங்கே இருந்தாள்.

முறிந்த முட்டுக்காலில் முதுகு சாய்ந்து, பாதி உட்கார்ந்த மாதிரி, பாதி கிடந்த மாதிரி இருந்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே கம்பி சட்டையில் புதைந்து கிடந்தது. இடது கை கம்பிக்குள் மாட்டியிருந்தது. வலது கை மட்டும் வெளியே இருந்தது, கத்திரியோடு. முகம் கருத்து, உதடு நீலம் பூத்திருந்தது. அவளைச் சுற்றி மடியிலும் காலிலும் தோளிலும் திராட்சைக் குவியல். கைக்கு எட்டின பழமெல்லாம் தீர்ந்ததும் இலைக்காம்பை வெட்டியிருக்கிறாள், கொடியின் நுனியை வெட்டியிருக்கிறாள், கம்பியைச் சுற்றிப் பிடிக்கிற சுருள் நரம்பைக்கூட விடவில்லை. அந்தக் கை எட்டுகிற வட்டத்தில் ஒன்றும் மிச்சமில்லை. என்னைப் பார்த்த பிறகும் கத்திரியைத் திறந்து மூடினாள். காற்றைத்தான் வெட்டினாள்.

"வந்துட்டேன்டி" என்றேன். "பேசாத. மூச்ச மட்டும் பாத்துக்கோ."

அவளுக்கு வலப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டாமல் தொங்கிய பெரிய கொத்தில் கத்திரியை வைத்தேன். அவள் கண் வேண்டாம் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்தான் சொன்னது. இடப் பக்கம் திரும்பியது. இடப் பக்கம் வெட்டினேன். கண் வலப் பக்கம் வந்தது. வலப் பக்கம் வெட்டினேன். இப்படியே அவள் பார்வை போகிற இடத்தில் என் கத்திரி போனது. வெளியே மேஸ்திரி குரல், சுற்றிலும் கொத்துகள் விழுகிற சத்தம், உள்ளே அவள் கண். ரூல்ஸ் என்று நான் பெயர் வைத்தேனே, அந்தப் பெண் நெஞ்சில் கம்பியை வைத்துக்கொண்டு, மூச்சு இல்லாமல், இடமும் வலமும் பிசகாமல் எனக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள். என் வாய்க்கு முதல் தடவையாக வேலை இல்லாமல் போனது.

கம்பி மெல்ல அசைந்தது. சட்டையில் புதைந்திருந்த மடிப்பு விரிந்தது. கம்பிக்கும் அவளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, ஒரு கோடு மாதிரி. பிறகு என் விரல் நுழைகிற அளவு. அப்போது அவள் மூச்சை இழுத்தாள். கிணற்று வாளி கரகரவென்று ஏறுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு, நீளமாக, முடிவே இல்லாமல் இழுத்தாள். நான் பிள்ளை பெற்றதில்லை, பிறந்த குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டதில்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். என் முகம் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும்.

"மூச்சு வந்துருச்சு!" என்று கத்தினேன். "மேஸ்திரி, மூச்சு வந்துருச்சு!"

"யாரும் கைய நிறுத்தாதீங்க!" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "வெட்டு!"

கம்பி அவள் தலைக்கு மேலே போகிறவரை வெட்டினார்கள். பிறகு லாரித் தார்ப்பாயை உள்ளே தள்ளி, அதில் அவளைப் படுக்கவைத்து இழுத்தார்கள். என் வீட்டுக்காரர் ரோடு வரைக்கும் தார்ப்பாயின் முனையை விடவில்லை. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அப்போதுதான் வந்து நின்றன. தீயணைப்புக்காரர்கள் இறங்கி, எங்களையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

நானும் திரும்பிப் பார்த்தேன். பந்தல் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் கோணலாக, ஒரு பழம்கூட இல்லாமல், உயரமாக. கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் தரையே தெரியவில்லை, திராட்சைதான். மிதித்தும் நசுங்கியும் சேற்றோடு சேர்ந்தும் கிடந்தது. அதன் நடுவில் முதலாளியம்மா கணுக்கால் வரை பழத்தில், வெறுங்காலோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கருஞ்சாறு. ஒரு விரல் தடத்துக்கு யார் கை என்று கேட்ட அம்மா. அவ்வளவையும், தனக்குச் சொந்தம்கூட இல்லாத ஒரு பெண்ணின் மூச்சுக்காகக் கொட்டிவிட்டு நின்றார். எனக்கு அவர் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் வராந்தாவில் சேறும் சாறுமாக நின்றோம். போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். டாக்டர் வந்து, "விலா எலும்பு ஒடஞ்சிருக்கு. நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகல. பொழச்சுக்குவாங்க" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் அந்த அழுத்தம் அப்படியே இருந்திருந்தால் இங்கே கொண்டுவந்திருக்க வேண்டியதே இல்லை என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். அவரை அழட்டும் என்று விட்டுவிட்டு நான் உள்ளே போனேன்.

ஊசி போட்டிருந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. முகத்துக்கு நிறம் திரும்பியிருந்தது. வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. கத்திரியை விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது என்று நர்ஸ் சொன்னார். ஆனால் அந்தக் கை ஓயவில்லை. கட்டைவிரலும் மற்ற விரல்களும் விரிந்தன, மூடின. மறுபடி விரிந்தன, மூடின. அவசரம் இல்லாமல், அதே நிதானத்தில்.

"வந்ததுலேர்ந்து இப்படித்தாங்க" என்றார் நர்ஸ். "ஆளு தூங்கிட்டாங்க. கை மட்டும் நிக்க மாட்டேங்குது."

நான் குனிந்து அவள் காதில் சொன்னேன். "ஏய். எல்லாத்தையும் வெட்டியாச்சுடி. பந்தல் எந்திரிச்சிருச்சு. போதும், விடு."

கை கேட்கவில்லை. விரிந்தது, மூடியது. எனக்குத் தாங்கவில்லை. என் விரலைக் கொண்டுபோய் அந்தக் கைக்குள் வைத்தேன். மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. அப்புறம் திறக்கவில்லை, என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.